வீடு முன்னே, குழாய் பின்னே: குடியிருப்பு வளர்ச்சியின் வேகத்தை நகரங்கள் எப்படிக் கையாளுகின்றன

"ஊர் தாங்காது, புதிதாக வீடு கட்ட இனி அனுமதியே தரக் கூடாது" என்பார் ஒருவர். "இந்தக் கட்டுப்பாடுகளை எல்லாம் எடுத்துவிட்டால் வீட்டு விலை தானாக இறங்கிவிடும்" என்பார் இன்னொருவர். இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றி வாதாடுவது போலத் தெரியும். கூர்ந்து கேட்டால் முதலாமவரின் கவலை குடிநீர், சாக்கடை, பள்ளிக்கூடம். இரண்டாமவரின் கவலை வாடகை. இரண்டும் நியாயமான கவலைகள். ஆனால் இந்த வாதத்தில் ஒரு கேள்வியை யாரும் கேட்பதில்லை. வீடுகள் கூடட்டும், சரி, ஆண்டுக்கு எத்தனை கூடலாம்?

இந்தக் கேள்விக்கு விடை தேடும் சட்டங்கள், திட்டங்கள், கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வளர்ச்சி மேலாண்மை என்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் உள்ளே இருக்கும் யோசனை எளிமையானது. அதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஆதரிப்பவர்களும் உண்டு, தவறாகப் புரிந்துகொண்டு எதிர்ப்பவர்களும் உண்டு. ஆகவே அடியிலிருந்தே பார்க்கலாம்.

## ஒரு தொட்டி, பத்து வீடு

ஒரு மேல்நிலைத் தொட்டியிலிருந்து பத்து வீடுகளுக்குத் தண்ணீர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினோராவது வீடு வருகிறது. யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. பன்னிரண்டு, பதினைந்து வந்தாலும் சமாளித்துவிடலாம். இருபதாவது வீடு வந்த பிறகு ஒருநாள் காலையில் மாடியில் இருப்பவர் குழாயைத் திறக்கிறார், காற்றுதான் வருகிறது. உடனே எல்லோரும் இருபதாவது வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்கிறார்கள்.

அவர் செய்த தவறு என்ன? ஒன்றும் இல்லை. பதினோராவது ஆளும் அதே அளவு தண்ணீரைத்தான் எடுத்தார். தொட்டியில் மிச்சம் இருந்த கொள்ளளவை ஒவ்வொருவரும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டே வந்தார்கள். தீர்ந்துபோன நாளில் வந்தவர் மேல் பழி விழுந்தது.

சரி, தொட்டியைப் பெரிதாக்கலாமே? பெரிதாக்கலாம். ஆனால் ஒரு வீட்டுக்கு ஏற்ற அளவு மட்டும் தொட்டியை நீட்ட முடியாது. இன்னொரு முழுத் தொட்டிதான் கட்ட வேண்டும். அதற்கு இடம் வேண்டும், பணம் வேண்டும், எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். மொத்த விஷயத்தின் முடிச்சும் இங்கேதான் இருக்கிறது: வீடுகள் ஒவ்வொன்றாக வருகின்றன, அவற்றைத் தாங்கும் ஏற்பாடுகள் பெரிய பெரிய கட்டிகளாக வருகின்றன.

அந்தத் தாங்கும் ஏற்பாடுகளைத்தான் உள்கட்டமைப்பு என்கிறோம். குடிநீர்க் குழாய், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், மழைநீர் வடிகால், சாலை, பள்ளி, தீயணைப்பு நிலையம் எல்லாம் இதில் அடக்கம். ஒரு வீட்டை ஓரிரு ஆண்டில் கட்டி முடித்துவிடலாம். ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்கு நிலம் எடுத்து, நிதி திரட்டி, ஒப்புதல் வாங்கி, கட்டி, ஓடவிடுவதற்குள் பல ஆண்டுகள் போய்விடும். பணத்திலும் இதே இடைவெளி இருக்கிறது. குழாய் பதிக்கும் செலவு முதலில் வரும். அந்தக் குழாயைப் பயன்படுத்தும் வீடுகள் கட்டும் சொத்துவரி அப்புறம்தான் வரும், அதுவும் சிறிது சிறிதாக.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: பிரச்சினை வீடுகளின் எண்ணிக்கை மட்டும் அல்ல. வீடு வரும் வேகமும் குழாய் வரும் வேகமும் வேறு வேறாக இருப்பதுதான் பிரச்சினை.

## நகரத்தின் கையில் இருப்பது ஒரு கையெழுத்து

"மக்கள்தொகையைக் கட்டுப்படுத்துகிறார்கள்" என்று இதைப் பற்றிப் பலர் சொல்வார்கள். நகர நிர்வாகத்துக்கு அப்படி ஓர் அதிகாரமே கிடையாது. குழந்தை பிறப்பதை அது நிறுத்த முடியாது. வேலை தேடி வருபவரை எல்லையில் மறிக்கவும் முடியாது. அதன் கையில் உண்மையில் இருப்பது கட்டுமான அனுமதி. இந்த மனையில், இந்த வரைபடப்படி, இத்தனை வீடு கட்டலாம் என்று தரும் எழுத்துபூர்வமான ஒப்புதல் அது. வேகத்தைக் கட்டுப்படுத்துவது என்றால் இந்தக் கையெழுத்தை எப்போது போடுவது, ஆண்டுக்கு எத்தனை தடவை போடுவது என்று தீர்மானிப்பதுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, அனுமதி வேறு, வீடு வேறு. இன்று கையெழுத்தான வீட்டில் ஆள் குடியேற இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகலாம். சில வீடுகள் கட்டப்படாமலே போகும். அதனால் இன்று அனுமதியைக் குறைத்தால் நாளைக்கே சாலையில் நெரிசல் குறைந்துவிடாது. முன்பு கொடுத்த அனுமதிகளெல்லாம் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்.

இரண்டாவது, வீட்டு எண்ணிக்கையும் ஆள் எண்ணிக்கையும் சேர்ந்தே நகர்வதில்லை. ஆறு பேர் ஒன்றாக இருந்த குடும்பம் மூன்று பேர் கொண்ட இரண்டு குடும்பங்களாகப் பிரிந்தால் ஊரில் ஓர் ஆள்கூடக் கூடவில்லை, ஆனால் இன்னொரு வீடு தேவைப்படுகிறது. குடும்பங்கள் சிறுத்துக்கொண்டே போகும் ஊரில் மக்கள்தொகை அப்படியே நின்றாலும் வீடுகள் கூடித்தான் ஆக வேண்டும். "வெளியாட்கள் வருவதால்தான் வீடு போதவில்லை" என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

## எங்கே, எவ்வளவு, எப்போது

நகரத் திட்டமிடலில் மூன்று தனித்தனிக் கேள்விகள் உண்டு. இவற்றைக் கலந்துவிடுவதில்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

எங்கே கட்டலாம் என்பதை முடிவு செய்வது நில உபயோக மண்டலம். இந்தப் பகுதி குடியிருப்புக்கு, அந்தப் பகுதி தொழிற்சாலைக்கு, இன்னொன்று விவசாயத்துக்கு என்று பிரிப்பது. எவ்வளவு கட்டலாம் என்பதை முடிவு செய்வது தளப்பரப்புக் குறியீடு. எஃப்எஸ்ஐ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்: மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு எழுப்பலாம் என்ற விகிதம்.

எப்போது என்பது மூன்றாவது கேள்வி. ஓர் இடம் குடியிருப்புப் பகுதியாகவே இருக்கலாம், எஃப்எஸ்ஐயும் இடம் கொடுக்கலாம். ஆனாலும் குழாய் வரும் வரை பொறுங்கள் என்று நகரம் சொல்ல முடியுமா? நில உரிமையாளருக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும். நீதிமன்றம் வரை போன கேள்வி இது.

## ராமப்போ: குழாய் வந்தால் வீடு வரலாம்

நியூயார்க் மாநிலத்தில் ராமப்போ என்று ஓர் ஊர். 1955இல் ஹட்சன் ஆற்றின் மேல் டாப்பன் ஸீ பாலம் திறந்ததும் நியூயார்க் நகரத்தில் வேலை பார்ப்பவர்கள் அந்தப் பக்கம் போய்க் குடியேறத் தொடங்கினார்கள். அமைதியாகக் கிடந்த ஊர் திணறியது. 1969இல் அந்த ஊர் ஒரு புது முறையைக் கொண்டுவந்தது.

நிலத்தைப் பிரித்து வீடுகள் கட்ட வருபவர் முதலில் மதிப்பெண் வாங்க வேண்டும். கழிவுநீர் ஏற்பாடு, மழைநீர் வடிகால், பள்ளியும் பூங்காவும், சாலை, தீயணைப்பு நிலையம் என்று ஐந்து தலைப்புகள். இவை அந்த மனைக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு தரமாக இருக்கின்றனவோ அதற்கேற்ப மதிப்பெண். மொத்தம் 23. அதில் 15 வாங்கினால் கட்டலாம். இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு காலம்? இந்தத் திட்டத்தின் அழகே இந்தக் கேள்விக்கான விடையில்தான் இருக்கிறது. எந்தக் குழாய், எந்தச் சாலை, எந்த ஆண்டு வரும் என்று 18 ஆண்டுகளுக்கான முதலீட்டுத் திட்டத்தை ஊர் நிர்வாகம் முன்கூட்டியே எழுதி வைத்தது. அதாவது, "முடியாது" என்று சொல்லவில்லை. "இந்த ஆண்டில் முடியும்" என்று சொன்னது. காத்திருக்க மனமில்லாதவர் அந்த வசதியைத் தன் செலவில் செய்து கொடுத்து மதிப்பெண்ணை ஏற்றிக்கொள்ளவும் வழி இருந்தது. 1972இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றுக்கொண்டது. நிலத்தைக் காலவரையின்றிப் பூட்டவில்லை, வரிசைப்படி திறக்கிறார்கள் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

மதிப்பெண் பார்த்து அனுமதி தரும் இந்தப் புள்ளி முறையை நான் பாராட்டத் தயங்க மாட்டேன். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. சாலைகள் பலவும் மாநிலத்தின் பொறுப்பிலோ மாவட்டத்தின் பொறுப்பிலோ இருந்தன. பள்ளிகள் தனி நிர்வாகத்தின் கையில். ஊர் நிர்வாகம் வாக்குக் கொடுத்துவிட்டது, நிறைவேற்ற வேண்டியவர்களில் பலர் வேறு ஆட்கள். குழாயும் சாலையும் சொன்ன ஆண்டில் வராவிட்டால் நில உரிமையாளர் என்ன செய்வார்? 1983இல் ராமப்போ இந்த முறையைக் கைவிட்டது.

## பெட்டலூமா: ஆண்டுக்கு ஐந்நூறு

சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே இருக்கும் பெட்டலூமா ஒரு காலத்தில் கோழிப்பண்ணைக்குப் பேர்போன ஊர். 1969இல் அங்கே 358 புது வீடுகள் வந்தன. 1970இல் 591. 1971இல் 891. இரண்டே ஆண்டுகளில் வேகம் இரண்டரை மடங்கு. அந்த எண்களைப் பார்த்தாலே நிர்வாகத்துக்கு ஏன் மூச்சு முட்டியது என்று புரியும்.

1972இல் அந்த ஊர் ஆண்டு வரம்பு வைத்தது. ஆண்டு வரம்பு என்றால் ஓர் ஆண்டில் அனுமதிக்கப்படும் புது வீடுகளின் உச்ச எண்ணிக்கை. பெட்டலூமாவில் அது 500, ஐந்து ஆண்டுகளுக்கு. ஆனால் தன் மனையில் தனக்கென்று ஒரு வீடு கட்டுபவரை இது தொடவே இல்லை. ஐந்து வீடுகளும் அதற்கு மேலும் கட்டும் திட்டங்களுக்கு மட்டும்தான் வரம்பு. வரம்புக்கு மேல் விண்ணப்பங்கள் வந்தால் யாருக்குக் கொடுப்பது? அதற்கும் மதிப்பெண். தண்ணீர், சாக்கடை வசதி, வடிவமைப்பின் தரம், திறந்தவெளி, குறைந்த வருமானக்காரர்களுக்கான வீடுகள் என்று பல அளவுகோல்கள் வைத்தார்கள்.

கட்டுமானக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். ஓர் ஊர் தன்னைச் சுற்றி வேலி கட்டிக்கொண்டு, மற்றவர்கள் வந்து வாழும் உரிமையைப் பறிக்கிறது என்பது வாதம். கீழ் நீதிமன்றம் 1974இல் அதை ஏற்றது. மேல்முறையீட்டில் 1975இல் ஊர் வென்றது. 1976இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்ததும் பெட்டலூமாவின் வழி மற்ற ஊர்களுக்கும் திறந்தது.

அதே 1976இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகர வாக்காளர்கள் வீடுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதத்துக்கு மேல் கூடாதபடி ஒரு வரம்புக்கு ஒப்புதல் தந்தார்கள். போல்டருக்கு அப்புறம் வருகிறேன்.

ஃப்ளோரிடாவின் போகா ரட்டோன் 1972இல் போட்ட வரம்பு வேறு வகை. ஊரில் மொத்தமே 40,000 வீடுகள்தான் இருக்கலாம், அதற்கு மேல் எந்தக் காலத்திலும் கூடாது என்றது. இது வேகத்தைக் கட்டுப்படுத்துவது அல்ல. கதவை அடைப்பது. நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை.

சுருக்கிச் சொன்னால்: வசதி வந்திருக்கிறதா என்று பார்ப்பது புள்ளி முறை, எத்தனை என்று எண்ணுவது ஆண்டு வரம்பு. இரண்டும் "எப்போது" என்ற கேள்விக்கே விடை சொல்கின்றன. "ஒருபோதும் கூடாது" என்ற வரம்பு வேறு ஜாதி.

## அந்த எண் எங்கிருந்து வர வேண்டும்?

ஏன் 500? ஏன் 2 சதவீதம்? இந்தக் கேள்வியை யாரும் அழுத்திக் கேட்பதில்லை, கேட்க வேண்டும். எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தால் அது திட்டம். இல்லையென்றால் அது வெறும் விருப்பம்.

ஒரு கற்பனை நகரத்தை வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அதன் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 1 கோடி லிட்டர் கழிவுநீரைத் தாங்கும். இப்போது வருவது 80 லட்சம் லிட்டர். அப்படியானால் 20 லட்சம் மிச்சம், ஒரு வீட்டுக்கு 500 லிட்டர் என்று வைத்தால் இன்னும் 4,000 வீடுகளுக்கு இடம் இருக்கிறது. கூட்டங்களில் பெரும்பாலும் இந்த எண்ணைத்தான் சொல்வார்கள். இது தவறான எண்.

அனுமதி வாங்கியும் இன்னும் கட்டி முடிக்காத வீடுகள் 2,400 இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றிலிருந்து இன்று ஒரு சொட்டுகூட வரவில்லை, ஆனால் நாளை வரும். 12 லட்சம் லிட்டர். அதைக் கழித்தால் மிச்சம் 8 லட்சம்தான், அதாவது 1,600 வீடுகள். நிலையத்தின் விரிவாக்கம் நான்கு ஆண்டில் முடியும் என்றால், ஆண்டுக்கு 400 வீடுகள் வரை அனுமதி கொடுத்துக்கொண்டே போகலாம். விரிவாக்கம் முடிந்த நாளில் பழைய கொள்ளளவு சரியாகத் தீர்ந்திருக்கும், புதியது திறந்திருக்கும்.

அந்த 400க்கு ஒரு காரணம் இருக்கிறது, ஒரு முடிவு நாளும் இருக்கிறது. வேலை ஓர் ஆண்டு முன்னால் முடிந்தால் எண்ணை ஏற்றலாம். தள்ளிப்போனால் இறக்க வேண்டும். நிஜத்தில் குடிநீர், சாலை, பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு போட வேண்டியிருக்கும், அவற்றில் எது முதலில் தீர்கிறதோ அதுதான் வேகத்தை நிர்ணயிக்கும். சங்கிலியின் வலு அதன் மெலிந்த கண்ணியில்தானே.

## இன்னும் சில கருவிகள்

தற்காலிகத் தடை என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு அனுமதி கொடுப்பதையே நிறுத்தி வைப்பது. கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஊரில் 1972இல் வாக்காளர்களே இதைக் கொண்டுவந்தார்கள்: பள்ளியில் இரண்டு ஷிஃப்ட் வகுப்பு நடக்காத நிலை வர வேண்டும், கழிவுநீர் தரக்கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும், தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது, அதுவரை அனுமதி கிடையாது. தஹோ ஏரியின் தெளிவு கெடாமல் இருக்க மொத்தம் 32 மாதம் கட்டுமானத்தை நிறுத்தியது பற்றிய வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. தற்காலிகமாக நிறுத்தியதாலேயே நிலத்தைப் பறித்துக்கொண்டதாக ஆகிவிடாது என்று 2002இல் தீர்ப்பு வந்தது.

தடை, வரம்பு எதுவானாலும் ஒரு பக்கவிளைவு உண்டு. வரப்போகிறது என்ற செய்தி கசிந்ததும் எல்லோரும் அவசர அவசரமாக விண்ணப்பிப்பார்கள். நிதானப்படுத்தக் கொண்டுவந்த சட்டமே ஓட்டத்தைக் கிளப்பிவிடும்.

இன்னொரு கருவி உள்கட்டமைப்புக் கட்டணம். புது வீடு வருவதால் கூடுதலாகத் தேவைப்படும் குழாய்க்கும் சாலைக்கும் ஆகும் செலவில் ஒரு பங்கை அனுமதி தரும்போதே கட்டச் சொல்வது. இது வேகத்தை நேரடியாகக் குறைப்பதில்லை. குழாயின் வேகத்தைக் கூட்டப் பணம் தருகிறது. வசூலித்த பணம் அதே பகுதியின் குழாய்க்குப் போனால்தான் இதற்குப் பொருள்.

நகரம் இதற்கு வெளியே பரவக் கூடாது என்று போடுவது நகர எல்லைக்கோடு. நகரைச் சுற்றிக் கட்டாமல் விடும் நிலம் பசுமை வளையம். இரண்டும் "எங்கே" என்ற கேள்வியைச் சேர்ந்தவை என்றாலும் வேகத்தையும் தொடுகின்றன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 1973 சட்டப்படி ஒவ்வொரு நகரத்தையும் ஒரு கோடு போடச் சொன்னது. போர்ட்லண்ட் பெருநகரம் 1979இல் தன் கோட்டை வரைந்தது. கோட்டுக்குள் அடுத்த 20 ஆண்டுக்கு வேண்டிய நிலம் இருந்தாக வேண்டும். குறைந்தால் கோட்டை நகர்த்த வேண்டும். நகரக்கூடிய கோடு அது. லண்டனையும் சியோலையும் சுற்றியிருக்கும் பசுமை வளையங்கள் அப்படி நகரும் நோக்கத்தில் வரைந்தவை அல்ல.

## தடுத்த தண்ணீர் எங்கே போகும்?

இந்த விஷயத்தில் எனக்கு மனம் ஆறாத பகுதி இதுதான். வீடு வேண்டும் என்று வருபவர் அனுமதி குறைந்ததும் ஆவியாகிவிடுவதில்லை. அவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன: கூடுதல் விலை கொடுக்கலாம், அல்லது பக்கத்து ஊருக்குப் போகலாம். பணமுள்ளவர் முதல் வழியில் போவார். இல்லாதவர் இரண்டாவது வழியில் போவார்.

போல்டரைப் பாருங்கள். வீடுகளுக்கு வரம்பு வைத்தார்கள், நகரைச் சுற்றியுள்ள நிலத்தை 1967லிருந்தே தனி வரி போட்டு வாங்கித் திறந்தவெளியாக வைத்தார்கள். அந்தத் திறந்தவெளியின் அழகை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வேலைவாய்ப்புக்கு அப்படிப்பட்ட வரம்பு இல்லை. பல்கலைக்கழகமும் ஆய்வுக்கூடங்களும் நிறுவனங்களும் ஆள் எடுத்துக்கொண்டே இருந்தன. வேலை உள்ளே, வீடு வெளியே. இன்று பல்லாயிரம் பேர் தினமும் வெளியூரிலிருந்து வண்டி ஓட்டி வேலைக்கு வருகிறார்கள். குறைய வேண்டிய நெரிசல் சாலையில் நீண்டுவிட்டது.

சியோலில் 1971இல் பசுமை வளையம் போட்டார்கள். நகரம் அதோடு நின்றுவிடவில்லை; வளையத்தைத் தாண்டிக் குதித்தது. 1989இல் அரசே புந்தாங், இல்சான் போன்ற புதுநகரங்களை வளையத்துக்கு அப்பால் அறிவித்தது.

ஃப்ளோரிடாவின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. 1985இல் அந்த மாநிலம் ஒரு நல்ல விதியைக் கொண்டுவந்தது: புது வீடு வரும்போது அதற்கேற்ற சாலை வசதியும் கூடவே வர வேண்டும். ராமப்போவின் யோசனையை மாநிலம் முழுக்கப் பரப்பியது போல. என்ன ஆனது? நகரத்தின் நடுவே சாலைகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. காலியான சாலை எங்கே இருந்தது? ஊருக்கு வெளியே. ஆக, கட்டுமானக்காரர்கள் விதியை ஒழுங்காகப் பின்பற்றியே வெளிப்புறத்துக்குப் போனார்கள். பேருந்தும் நடைபாதையும் உள்ள நடுநகரத்தில் கட்டுவது கடினமாகி, கார் இல்லாமல் வாழ முடியாத இடத்தில் கட்டுவது எளிதானது. 2011இல் சாலைக்கான அந்த விதியை, வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம் என்று உள்ளூர் நிர்வாகங்களின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

விலையிலும் ஒரு நுட்பம் உண்டு. ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 50 வீட்டுக்கு மட்டும்தான் அனுமதி என்றால் அது எந்த 50ஐக் கட்டும்? லாபம் கூடுதலாக வரும் பெரிய வீடுகளைத்தான். வரம்பு போட்டவர்கள் சிறிய வீடுகளைக் குறைக்க நினைத்திருக்க மாட்டார்கள், ஆனாலும் முதலில் காணாமல் போவது அவைதான். இதனால்தான் குறைந்த விலை வீடுகளுக்கு வரம்பிலிருந்து விலக்கோ தனி ஒதுக்கீடோ கொடுக்க வேண்டியிருக்கிறது. அது இல்லாத வரம்பை நான் ஆதரிக்க மாட்டேன்.

லிவர்மோர் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1976இல் இந்த இடத்தைச் சரியாகத் தொட்டது. தடை விதிக்க ஊருக்கு அதிகாரம் உண்டு என்று சொன்ன அதே நீதிமன்றம், அதன் நியாயத்தை அந்த ஊரின் நலனை மட்டும் வைத்து அளக்க முடியாது, அதனால் பாதிக்கப்படும் வட்டாரம் முழுவதன் நலனையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும் என்றது.

இந்தப் பகுதியைச் சுருக்கினால்: வரம்பு தேவையை அழிப்பதில்லை, நகர்த்துகிறது. எங்கே நகர்கிறது, யார் தலையில் விழுகிறது என்று பார்க்காமல் ஒரு வரம்பை நல்லது கெட்டது என்று சொல்ல முடியாது.

## வேகத்தைக் கூட்டுவதும் மேலாண்மைதான்

வளர்ச்சி மேலாண்மை என்றாலே பிரேக் என்று நினைத்துவிடுகிறோம். ஆக்சிலரேட்டரும் அதில் உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்து 2016இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த திட்டத்தில், குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் முன்பைவிட நெருக்கமாகக் கட்ட இடம் கொடுத்தது. தனி வீடு இருந்த மனையில் வரிசை வீடுகளும் சிறு அடுக்ககங்களும் வரலாம் என்றது. சில ஆண்டுகளில் ஆண்டு அனுமதிகள் இரு மடங்குக்கும் மேலாகின.

இதைப் பார்த்துவிட்டு, "அப்போ கட்டுப்பாட்டை எடுத்தால் போதும்தானே" என்று கேட்டால், முழுக்கச் சரியில்லை. அங்கேயும் நெருக்கம் கூடிய இடங்களில் பழைய குழாய்கள் தாங்க வேண்டும். குழாய் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் நெருக்கமாகக் கட்டுவதால், புதிதாக நீட்ட வேண்டிய தூரம் குறைகிறது. அதுதான் இந்த வழியின் பெரிய பலம். ஆனால் தொட்டி தொட்டிதான், அதன் கணக்கைப் போடாமல் தப்ப முடியாது.

வரம்புகள் பிறந்த இடத்திலேயே காற்று திரும்பியிருக்கிறது. கலிஃபோர்னியா 2019இல் கொண்டுவந்த சட்டத்தின் மூலம் பெரும்பாலான நகரங்கள் புதிதாக வீட்டு வரம்போ தடையோ விதிப்பதைக் கட்டுப்படுத்தியது. கொலராடோ 2023இல் இத்தகைய ஆண்டு வரம்புகளையே மாநில அளவில் தடுத்தது. ஒவ்வோர் ஊரும் தன் தொட்டியை மட்டும் பார்த்துக் கதவை இறுக்கியபோது, எல்லா ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால் வீடே போதவில்லை என்பதுதான் காரணம்.

## ஒரு வரம்பு முன்வைக்கப்படும்போது பார்க்க வேண்டியவை

எந்த ஊரிலும் இப்படி ஓர் ஆவணம் வந்தால் முதலில் நான் தேடுவது, எந்த வசதி பற்றாக்குறை என்று பெயர் சொல்லியிருக்கிறதா என்பதைத்தான். "ஊரின் தன்மை கெடும்" என்று மட்டும் இருந்தால் அது குழாயைப் பற்றிய பேச்சு இல்லை. அடுத்து, அந்த வசதியின் கொள்ளளவு, இன்றைய சுமை, அனுமதி பெற்றும் கட்டாத வீடுகளின் எண்ணிக்கை என்ற மூன்று எண்களும் வேண்டும். மூன்றாவது எண்ணை யாரும் தானாகச் சொல்வதில்லை. கேட்டு வாங்க வேண்டும். அப்புறம், விரிவாக்கத்துக்குப் பணம் ஒதுக்கியாகிவிட்டதா, அந்த வேலை யார் பொறுப்பு? ராமப்போவில் சறுக்கியது இந்த இடத்தில்தான். வேலைவாய்ப்பு எந்த வேகத்தில் கூடுகிறது என்பதையும் அதன் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒரு தேதி. வரம்பு எந்த ஆண்டில், எந்த வேலை முடிந்ததும் நீங்கும் என்று எழுதியிருக்க வேண்டும். பெட்டலூமா ஐந்து ஆண்டு என்று எழுதியது, ராமப்போ 18 ஆண்டு என்று எழுதியது. நீண்ட காலம்தான், ஆனாலும் எழுதியது. தேதியே இல்லாத ஆவணம் "எங்கே", "எவ்வளவு" என்ற கேள்விகளுக்கான முடிவு. அதற்கும் நியாயங்கள் இருக்கலாம். அந்த நியாயங்களை அந்தப் பெயரிலேயே முன்வைத்து விவாதிக்கட்டும்.